வரிசைக்கு எத்தனை பேர்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து இங்கே எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. உன் முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை என்பதுதான் வருத்தம். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பறக்க வேண்டும், போயிங் கம்பெனி விமானம் நல்லதா ஏர்பஸ் கம்பெனி விமானம் நல்லதா என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் இதைக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறாய். பொறுமையாகப் படி.

விமானத்தின் பெயரைவிட, அதில் வரிசைக்கு எத்தனை பேர் என்பதைப் பார். அதை முடிவு செய்வது விமானத்தைக் கட்டியவன் அல்ல, வாங்கியவன். போயிங் 777 விமானம் 1995-இல் சேவைக்கு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது பேரை உட்கார வைத்தன. இன்று அதே விமானத்தில் பெரும்பாலும் மூன்று, நான்கு, மூன்று என்று, நடுவே இரண்டு நடைபாதை விட்டு, பத்துப் பேர். விமானம் ஓர் அங்குலம்கூட அகலவில்லை. இருக்கைதான் சுமார் 17 அங்குலத்துக்கு ஒடுங்கிவிட்டது. போயிங் 787-இன் கதையும் அதுதான். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம் என்ற பேச்சோடு வந்த விமானத்தில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒன்பது பேரை அடைத்துவிட்டன. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் வெளிநாட்டுத் தடங்களில் இரண்டு, நான்கு, இரண்டு என்று பிடிவாதமாக வைத்திருக்கிறது. ஏர்பஸ் ஏ350-இல் ஒன்பது பேர் என்றால் ஆளுக்கு 18 அங்குலம் கிடைக்கும். அதிலும் பத்துப் பேரைத் திணிக்கும் புண்ணியவான்கள் உண்டு.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்பாய். பத்துப் பேர் வரிசையில் நடைபாதை ஓரமாக ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நான் அப்படிப் போனபோது பக்கத்தில் இருந்தவர் நல்ல மனிதர்; ஆனால் தூங்கியதும் அவருடைய தோள் என் இடத்துக்குக் குடிவந்துவிட்டது. நான் மறுபக்கம் சாய்ந்தால் உணவு வண்டி வந்து முழங்கையில் இடிக்கும். இருக்கையோடு சேர்த்து நடைபாதையையும் அல்லவா குறுக்கியிருக்கிறார்கள்!

விளம்பரத்தில் 31 அங்குலம், 32 அங்குலம் என்று போடுவதைக் கால் நீட்டும் இடம் என்று எண்ணிவிடாதே. அது ஓர் இருக்கையின் முதுகிலிருந்து முன்னிருக்கையின் முதுகு வரை உள்ள அளவு. முதுகின் தடிமனும் அதற்குள்தான் அடக்கம். அதனால்தான் இப்போது மெலிந்த இருக்கைகள் வருகின்றன. முழங்காலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மெத்தை போதாமல் சில மணி நேரத்தில் இடுப்பு முறையிட ஆரம்பிக்கும். சில இருக்கைகளின் அடியில் திரைக்கான மின்கருவிப் பெட்டி ஒன்று இருக்கும். அது ஒரு காலுக்கு உரிய இடத்தை விழுங்கிவிடும்.

உன் காலுக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டு, நான்கு, இரண்டு அமைப்புதான். ஏர்பஸ் ஏ330-இல் பெரும்பாலும் அதுவே இருக்கும். ஜன்னல் பக்கத்து இரண்டு இருக்கைகளை எடுத்துக்கொண்டால் நீயும் தங்கையும் மட்டும்தான். எழுந்து நடக்க வேற்று ஆளை எழுப்ப வேண்டியதில்லை. மூன்று பேர் அமைப்பில் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டால் இரண்டு பேரின் தூக்கத்தைக் கலைக்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு வலியோடு உட்கார்ந்தே இருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. பத்துப் பேர் அமர்கிற 777-தான் கிடைக்கிறது என்றாலும் ஒரு வழி இருக்கிறது. வால் பக்கம் விமானத்தின் உடல் ஒடுங்குவதால் கடைசிச் சில வரிசைகளில் ஓரத்தில் இரண்டிரண்டு இருக்கைகளே இருக்கும். கடைசி வரிசையை மட்டும் விட்டுவிடு: சரியாகச் சாயாது, கழிவறை வரிசையும் பக்கத்திலேயே நிற்கும்.

தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கு ஆசைப்படாதே. உணவுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, இருக்கையும் சற்று ஒடுக்கம். குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம். ஆனால் ஆபத்தில் கதவைத் திறக்க உடல் ஒத்துழைக்க வேண்டும். உன் முழங்காலைப் பார்த்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

காற்றிலும் வித்தியாசம் உண்டு. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல ஆகலாம். 787, ஏ350 இரண்டிலும் அது சுமார் 6,000 அடி அளவோடு நிற்கும். அவற்றின் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும், துருப்பிடிக்காது என்பதால் ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். இறங்கும்போது தொண்டையும் தலையும் அதைச் சொல்லும்.

ஏர்பஸின் இரண்டு தள விமானமான ஏ380 கிடைத்தால் யோசிக்காமல் எடு. 2021-க்குப் பிறகு அதைத் தயாரிப்பதில்லை. மேல்தளத்தில் எகானமி வகுப்பு வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால் அங்கேயே போ: இரண்டு, நான்கு, இரண்டு, ஜன்னலுக்குக் கீழே பை வைக்கப் பெட்டியும் இருக்கும். எகானமிக்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமிக்குப் பணம் இருந்தால் நல்லதுதான். சிங்கப்பூரிலிருந்து நியூவார்க் வரை நிற்காமல் பறக்கும் விமானத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பே வைக்கவில்லை. அவ்வளவு நேரத்துக்கு அது தாங்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

பணம் கட்டுவதற்கு முன் இருக்கை வரைபடத்தை எனக்கு அனுப்பு. புறப்படும் தேதியையும், வழியில் விமானம் மாறுகிறாயா என்பதையும் எழுது. மாறுவதாக இருந்தால் இரண்டாவது விமானத்தின் வரைபடமும் வேண்டும். முதலாவதைப் பார்த்து எடுத்துவிட்டு இரண்டாவதில் நெரிபடுகிறவர்கள்தான் அதிகம். தங்கையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்