ஷீட் போடும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. ஃபோனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், மீதி மாப்பிள்ளையிடம் போய்ச் சேராது. அதனால் எழுதுகிறேன். அவரும் படிக்கட்டும், வேலைக்கு வரும் வெல்டரிடமும் காட்டட்டும்.

தாழங்குடா வீட்டு மொட்டை மாடியில் பத்துக்கு இருபது அடியில் ஷீட் ரூம், மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், கடல் பக்கம் மட்டும் திறப்பு என்று படம் வரைந்து அனுப்பியிருக்கிறாய். சித்திரை வெயிலுக்கு அருமையான யோசனை. கார்த்திகைக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

புயலில் கூரை மேலிருந்து அமுங்கி உடைவது அபூர்வம். கீழிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போகும். ஷீட்டின் மேல் காற்று வேகமாக வழுக்கி ஓடும்போது ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சும். கடல் பக்கம் திறந்திருந்தால் அதே காற்று உள்ளேயும் புகும். மூன்று பக்கமும் சுவர் இருப்பதால் வெளியே போக வழியில்லாமல் கூரையை அடியிலிருந்து தள்ளும். எதிர்க்காற்றில் குடை மடங்கிக்கொள்வது போலத்தான். 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலின் காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். 140 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய எட்டரை கிலோ அழுத்தும். உன் 200 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 1,700 கிலோ. அரை மில்லிமீட்டர் ஷீட் மொத்தமும் சேர்ந்து நூறு கிலோவுக்குப் பக்கம்தான் வரும். மீதியைப் பிடித்து வைப்பது போல்ட் மட்டுமே.

‘போன மழைக்காற்றில் பக்கத்து வீட்டு ஷீட் அசையவே இல்லை’ என்று சம்பந்தி சொன்னாராம். அது எழுபது கிலோமீட்டர் காற்றாக இருந்திருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். நம் கரைக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 1,700 கிலோ 2,800 ஆகிவிடும். கூரையின் ஓரத்திலும் நான்கு மூலையிலும் இழுப்பு நடுப்பகுதியைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு. கூரை எப்போதும் மூலையிலிருந்து உரியத் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே கடல் பக்கமும் சுவர் எழுப்பு. மூன்றடி ஜன்னல் ஒன்று போதும். வெளியே இரும்புக் கதவு, உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள். புயலின்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று சமமாகி வீடு தப்பும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. காற்று வரும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தாலே கூரை பாதி போன மாதிரி.

அடுத்தது கால்கள். இங்கே வெல்டர்கள் செய்யும் பெரிய தவறு, தட்டோட்டின் மேலேயே பேஸ் பிளேட்டை, அதாவது பைப் காலின் அடித்தகட்டை, வைத்து நான்கு போல்ட் முறுக்குவது. தட்டோட்டுக்குக் கீழே இருப்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். போல்ட் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காது. அதற்கும் கீழே தளத்தின் கனம் ஐந்து அங்குலம்தான், நீள போல்ட் இறங்க இடமில்லை. மாடியில் அடுத்த மாடிக்கென்று தூண் கம்பிகளை விட்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவற்றைச் சுரண்டி, துருவில் மெலிந்திருக்கிறதா பார். நன்றாக இருந்தால் அந்தக் கம்பியோடு கட்டி இரண்டடி உயரத்துக்குக் குட்டித் தூண் வார்த்து, 16 மில்லிமீட்டர் போல்ட் நான்கை ஈரக் கான்கிரீட்டிலேயே ஓரடி ஆழம் பதித்துவிடச் சொல். வளைந்த நுனி கீழே இருக்க வேண்டும். பைப் கால் அதன் மேல் உட்காரட்டும். கைப்பிடிச் சுவரில் எதையும் மாட்ட வேண்டாம். அது தன்னையே தாங்கினால் போதும்.

சுவரின் தலையில் சுற்றிலும் ஒரு பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும், 10 மில்லிமீட்டர் கம்பி நான்கு, ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங். ஹாலோ பிளாக் சுவர் இது இல்லாமல் நின்றால் காற்றில் சீட்டுக்கட்டு மாதிரி சரியும்.

ஷீட்டைப் பிடிக்க, அதன் அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டமான பர்லினைச் சுற்றிக் கொக்கி போடும் ஜே போல்ட் வாங்கு. ஸ்குரூ மட்டும் என்றால் பர்லின் தகடு மெலிதாக இருக்கும் இடத்தில் மரை பிய்ந்து வந்துவிடும். போல்ட் ஷீட்டின் மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் ஏறினால் ஒழுகும். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. ஓரத்து வரிசையிலும் மூலையிலும் ஒவ்வொரு மேட்டிலும். கூலிக்காரர் ‘எதுக்கு சார் இத்தனை’ என்பார். எண்ணிப் பார்த்துத்தான் காசு கொடு. வாஷர் அகலமானதாக இருக்கட்டும்; சின்ன வாஷராக இருந்தால் போல்ட் அப்படியே நிற்கும், ஷீட் மட்டும் ஓட்டை கிழிந்து பறந்துவிடும். சுவருக்கு வெளியே ஷீட் ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. சரிவைத் தட்டையாக வைத்தால் இழுப்பு கூடும். கால்வனைஸ் போட்ட, அதாவது துத்தநாகம் பூசிய போல்ட்டே கேள். சாதா போல்ட் உப்புக்காற்றில் சீக்கிரமே மெலிந்துவிடும். ஆண்டுதோறும் ஆவணியில் ஒருவர் ஏறி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸைப் புயலுக்கு முன் தளும்ப நிரப்பிவிடச் சொல். நிரம்பினால் ஒரு டன். காலியாக இருந்தால் அது பறந்து எவர் வீட்டிலாவது இறங்கும். கரண்ட் போன பிறகு குடிக்கவும் அதுதான்.

துறைமுகத்துக் கூண்டு எண்ணை டிவியில் பார்த்து நீ பதறுகிறாய். எட்டைவிட ஒன்பது பெரிய புயல் என்று நினைக்காதே. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் தீவிரப் புயலுக்குத்தான்; வேறுபாடு புயல் போகும் பக்கத்தில். எட்டு என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடப்புறம். நமக்குப் புயல் கிழக்கிலிருந்து வருவதால் அது நமக்கு வடக்கே கடக்கிறது, காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். ஒன்பது என்றால் தெற்கே கடக்கிறது. காற்று கடலிலிருந்து வந்து தண்ணீரையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும். கடலூருக்கு ஒன்பது ஏறினால் சம்பந்தி வீட்டார் யோசிக்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். பத்து என்றால் நம் மேலேயே. முதலில் வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும், புயலின் நடுவிலுள்ள கண் வரும்போது திடீரென்று அடங்கும். அந்த அமைதியில் மாடிக்கு ஏறி ஷீட்டைப் பார்க்கப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அடுத்து தெற்கிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். வாடைக்காற்றில் இழுபட்டுத் தளர்ந்த போல்ட்டை அப்போதுதான் பிடுங்கும்.

காற்று நின்றதும் கீழ் வீட்டுக்கு இறங்கிவிடலாம் என்று சம்பந்தி அவசரப்படுவார். தாழங்குடா தென்பெண்ணை முகத்துவாரத்தில் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்து. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஊரே அதோடு முடிந்தது என்றிருக்க, டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க, ஆறு கரை மீறி வந்தது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, ஊருக்குள்தான் திருப்பிவிடும். அதனால் அணைச் செய்தி அடங்கும் வரை இன்வெர்ட்டரும் ஃபிரிட்ஜும் மேலேயே இருக்கட்டும்.

கிணற்றைப் பற்றி ஒன்று. ஆற்று வெள்ளம் புகுந்திருந்தால் கலங்கலை இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் வாடை தெரியும் வரை கூட்டிப் போடலாம். அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்று. ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம், குடிக்க மட்டும் கொதிக்க வைக்க வேண்டும். உள்ளே போனது கடல்நீர் என்றால் பிளீச்சிங் அந்த உப்பை எடுக்காது. மோட்டார் போட்டு ஓயாமல் இறைக்கவும் கூடாது. அடியிலிருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும்.

தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் ஐப்பசிக்கு முன்பே இறக்கச் சொல்லியிருக்கிறேன். பச்சை மட்டையில் கை வைக்க வேண்டாம்.

வெல்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் போல்ட் எண்ணிக்கையே இல்லை, ‘ஃபிட்டிங் மொத்தமாக’ என்று எழுதியிருக்கிறார். எண்ணிக்கை, சைஸ், கால்வனைஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் அனுப்பு. குட்டித் தூண் வார்க்கும் நாளை எனக்குச் சொன்னால் காலையிலேயே அங்கே போய் நின்றுகொள்கிறேன். அம்மா பொடி அரைத்து வைத்திருக்கிறாள், யார் வருகிறார்களோ அவர்களிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா
கடலூர்