மருந்துக்கடைக்காரர்களுக்கு: சேற்றுப்புண்ணுக்கு அந்தக் கலவை ட்யூப் வேண்டாம்

டெல்டா ஊர்களில் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சம்பா நடவு தொடங்கிவிட்டால் சாயங்காலம் உங்கள் கடைக்கு யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாள் முழுக்கச் சேற்றில் நின்ற பெண்கள். "சேத்துப்புண்ணுக்கு ஏதாச்சும் குடுங்க தம்பி" என்பார்கள். மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

அதில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கிறது. தடவிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். வாங்கியவருக்கும் நிம்மதி. ஆனால் புண்ணுக்குக் காரணமான பூஞ்சை சாகவில்லை. அதோடு போராடும் தோலின் சக்தியைத்தான் ஸ்டீராய்டு அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகத் திரும்பி வரும். தொடையிடுக்கு வரை போய்ப் படர்தாமரையாகும். உருவமே மாறிவிடுவதால் தோல் மருத்துவருக்குக்கூடப் பார்த்தவுடன் பிடிபடாமல் போகும். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கும் எளிதில் அடங்காத பூஞ்சை நம் நாட்டில் ஏற்கெனவே பரவிவிட்டது. இந்த ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்தியது உங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும். தோல் வெள்ளையாக ஊறி உரிந்து, அடியில் ஈரச் சிவப்பும் வெடிப்பும் தெரியும். சிலருக்கு உள்ளங்கால் முழுக்க வறண்டு செதில் செதிலாக இருக்கும். பித்தவெடிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் "சர்க்கரை இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் களிம்போடு விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்தச் சின்ன வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து கால் வீங்கும். நரம்பு மரத்துப்போனவருக்கு வலியே தெரியாது. சர்க்கரை இல்லாவிட்டாலும் வீக்கம், சீழ், காய்ச்சல் என்றால் டாக்டரிடம்தான்.

மற்றவர்களுக்கு க்ளோட்ரிமசோலோ டெர்பினாஃபினோ மட்டும் உள்ள களிம்பு போதும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் பெரிய சிக்கல். க்ளோட்ரிமசோல் என்றால் 4 வாரம் வரை தடவ வேண்டியிருக்கும். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடை காலண்டரில் தேதியைத் தொட்டுக் காட்டுங்கள்.

வீடு திரும்பியதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்தச் சொல்லுங்கள். அந்தத் துணியை வீட்டில் வேறு யாரும் எடுக்கக்கூடாது. மருதாணி அரைத்து வைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈரம் போகாமல் எதை வைத்தாலும் புண் ஆறாது.

இந்தப் பருவத்திலிருந்தே அந்தக் கலவை ட்யூபை முன் அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சீட்டோடு வருகிறவருக்கு மட்டும் அது வெளியே வரட்டும்.

இப்படிக்கு,
நடவுக்குப் போகும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருத்தி