இந்த வருடச் சுற்றுலா டாஃப் ஆற்றோடு போகட்டும்: கார்டிஃபில் தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கோடைச் சுற்றுலா என்றால் நமக்குப் பாரி தீவுக் கடற்கரை, இல்லையென்றால் பென் அ ஃபான் மலை. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் மலைக்குப் போகும் ஏ470 சாலையில் மெர்தர் டிட்ஃபில் ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் வளரும் கார்டிஃபை நகரமாக்கியது மெர்தர் இருக்கும் அந்த டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இந்த முறை அவர்களை அங்கே கூட்டிப் போங்கள்.

1801 கணக்கெடுப்பில் வேல்சிலேயே பெரிய ஊர் மெர்தர். கார்டிஃபில் அப்போது 2,000 பேர்கூட இல்லை. நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல் மூன்றும் மெர்தர் பக்கம் அருகருகே நிலத்துக்கு மேலேயே தலைகாட்டுகின்றன. சக்கரம் சுழற்ற ஆற்றுத் தண்ணீரும் இருந்தது. அப்புறம் என்ன, 1759க்கும் 1784க்கும் இடையில் டவுலைஸ், பிளிமத், கவார்த்வா, பெனடாரன் என்று நான்கு பெரிய இரும்பாலைகள் எழும்பிவிட்டன. அந்த இரும்பைக் கடலுக்குக் கொண்டுவர 1794க்குள் 25 மைல் கால்வாய் வெட்டினார்கள். கால்வாயும் பின்னால் வந்த ரயிலும் நிலக்கரியும் சேர்ந்துதான் கார்டிஃப் துறைமுகத்தை வளர்த்தன.

கார் வேண்டாம். மெர்தர் ரயில் ஆற்றையொட்டியே ஏறுகிறது, ஒரு மணி நேரப் பயணம்.

முதலில் போன்டப்ரீத்தில் இறங்கிப் பழைய பாலத்தைக் காட்டுங்கள். வில்லியம் எட்வர்ட்ஸ் என்ற கொத்தனார் கட்டியது. முதல் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. ஆற்றுக்குள் தூணே வேண்டாம் என்று ஒரே வளைவாகக் கட்டிப் பார்த்தார். வளைவின் இரு பக்கத் தோள்களின் பாரம் அழுத்த, நடு உச்சி மேலே பிதுங்கிச் சரிந்தது. கடைசியில் பாரத்தைக் குறைக்க இரு தோள்களிலும் மும்மூன்று வட்டத் துளைகள் விட்டார். 1756இல் முடிந்த அந்த 140 அடி வளைவு இன்னும் நிற்கிறது. கரையில் நின்று பார்த்தால் துளைகள் வழியே வானம் தெரியும். கணக்குப் பாடத்தில் சலித்துப்போன பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பு எது?

அடுத்தது அபர்கனன். 1804 பிப்ரவரி 21 அன்று பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி வண்டி 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு பெனடாரனிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ ரயில் எஞ்சின் வர இன்னும் 25 வருடம் இருந்தது. வண்டியின் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அபர்வான் போவதை மட்டும் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். 1966 அக்டோபர் 21 காலை, ஊற்றுகளின் மேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை ஆணையம் சொன்னது. அப்படியிருந்தும் மீதிக் கழிவு மேடுகளை அகற்ற, மக்கள் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. பள்ளி இருந்த இடம் இப்போது நினைவுத் தோட்டம். பெரிய கூட்டமாகப் போகாதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை நேரே மெர்தருக்குக் கூட்டிப் போய்விடலாம்.

மெர்தரில் கவார்த்வா உலைகளும், முதலாளி வில்லியம் கிராஷே 1825இல் அவற்றைப் பார்த்தபடி கட்டிக்கொண்ட கோட்டை வீடும் எதிரெதிரே இருக்கின்றன. 1831இல் கூலிக் குறைப்பையும் கடன் தொல்லையையும் எதிர்த்து இந்த ஊர்த் தொழிலாளிகள் செங்கொடி தூக்கினார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு டிக் பென்டெரின் என்ற இளைஞரைக் கார்டிஃபில் தூக்கிலிட்டார்கள். நாம் அடிக்கடி போகும் கார்டிஃப் மார்க்கெட்டின் செயின்ட் மேரி தெரு வாசலில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் அதைக் காட்டிவிடுங்கள்; உலைகளின் முன்னால் நிற்கும்போது கேள்விகள் தானாக வரும்.

தேதி முடிவானதும் சொல்லுங்கள். பிள்ளைகள் கையில் வைத்துக்கொள்ள, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு தமிழில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு கார்டிஃப்வாசி