ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டு, நோட்டுப் புத்தகம் வழங்கல், நவம்பர் 1 குமரி தமிழகத்தோடு இணைந்த நாள் கூட்டம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு எட்டு முறை கூடியது. நான்கு முறை ஆள் போதாமல் கலைந்தது.

இந்த ஆண்டு நான் முழுமூச்சாக இறங்கியது விமான நிலையப் பாதை விஷயத்தில். நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடா போகிற நம் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம்தான். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஆனால் களியக்காவிளை தாண்டினால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஜங்ஷனிலும் வண்டி நின்று நின்றுதான் நகரும்.

ஆனி மாதம் நம் உறுப்பினர் ஒருவரின் மனைவி, மகள் பிரசவத்துக்காகத் துபாய் கிளம்பினார். மூட்டு வலிக்காரர். கார் வாடகை கட்டுப்படியாகாமல் பஸ்ஸில் போனார். துணைக்கு நானும் போனேன். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் அந்த அக்காவைப் படியிலிருந்து இறக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கருப்பட்டியும் ஏத்தங்காய் வற்றலும் வைத்துக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி என் தலையில். ஆட்டோக்காரர் உள்நாட்டு விமானங்களுக்கான சங்குமுகம் முனையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெளிநாட்டு விமானங்களுக்கு ஓடுபாதையின் மறுபக்கம், சாக்கை முனையம். மறுபடி ஆட்டோ பிடித்துச் சுற்றிப் போனோம். அக்கா வழியெல்லாம் அழுதார். இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்புறம் வழித்துண்டறிக்கை ஒன்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். எந்த விமானத்துக்கு எந்த முனையம், பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போவதற்காக ஐப்பசியிலும் பங்குனியிலும் ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடுவது, எல்லாம் அதில் உண்டு.

கேரளப் பக்கம் கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை எல்லையிலுள்ள காரோடு வரை வந்துவிட்டது. முக்கோலை தாண்டினால் கான்கிரீட் சாலை. அங்கிருந்து நம் பக்கம் வில்லுக்குறி வரையிலான நான்குவழி வேலை, நிரப்ப மண் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இழுத்தது. அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம், மார்த்தாண்டத்திலிருந்து காரோடு வழியாகச் சாக்கைக்கு விடியற்காலையில் தாழ்தளப் பேருந்து ஒன்று விடுங்கள் என்று மூன்று மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. மூன்றாவது மனுவுக்கு 28 பேர் வருவதாகச் சொன்னார்கள். வந்தது மூன்று பேர். வராதவர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் இதே வழியில்தான் வந்து போகிறார்கள். அது மனதை வருத்துகிறது.

146 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 61 பேர். வரவுக்கு மேல் செலவு கொஞ்சம் கூடியது. கைமாற்று வாங்கிச் சரிக்கட்டினோம். விவரத்தைப் பொருளாளர் சொல்வார். மேடை, மைக் தந்தவர்களுக்கும், துண்டறிக்கைத் தாளை விலை குறைத்துத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மனுவோடு வர நான்கு பேராவது இன்று பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நானே தொடர்கிறேன். இல்லையென்றால் மனு நகல்களை அடுத்த செயலாளரிடம் ஒப்படைக்கத் தயார். பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசலில் இருப்பார்.

செயலாளர்