குற்றம் செய்தவன் நாயகன் ஆகலாமா? நாவல் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலில் நாயகன் நண்பனின் சேமிப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். 'இவனையெல்லாம் நாயகன் என்று எப்படி ஏற்பது?' என்று படித்தவர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். தாராளமாக ஏற்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அவன் குற்றத்தைக் கதை பூசி மெழுகக் கூடாது. அதனால் நொந்தவர் வாய் திறந்து பேச வேண்டும்.

சிலப்பதிகாரக் கோவலனைப் பார். பெருங்காப்பியத்துக்குத் 'தன்னிகர் இல்லாத் தலைவன்' வேண்டும் என்கிறது தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல். அந்த அளவுகோலில் கோவலன் தேறமாட்டான். 3ஆம் காதையிலேயே 1008 கழஞ்சு பொன் கொடுத்து மாதவியின் மாலையை வாங்கி, வீட்டை மறந்துவிடுகிறான். அவன் முன்பு செய்த நல்ல காரியங்களை இளங்கோ எங்கே விரித்துச் சொல்கிறார்? 15ஆவதான அடைக்கலக் காதையில், மாடலன் என்ற அந்தணன் வாயால். மதயானையிடமிருந்து முதியவரைக் காப்பாற்றியது, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது அவனுக்காகத் தன் உயிரையே தர முன்வந்தது எல்லாம் அங்கேதான் வருகின்றன. அடுத்த காதையில் அவன் வெட்டுப்படுகிறான். இந்த நற்செயல்களைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், மாதவியிடம் போனதை 'நல்லவன்தான், சறுக்கிவிட்டான்' என்று நாம் எளிதாகத் தள்ளியிருப்போம்.

இன்னொரு நுட்பம் கொலைக்களக் காதையில் இருக்கிறது. சிலம்பு விற்கப் புறப்படும் முன் கோவலன் தன் தவறுகளைச் சொல்லி வருந்துகிறான். கண்ணகி 'பரவாயில்லை' என்று சொல்வதில்லை. விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைக்கூடத் தான் இழந்ததையும், தன் பொய்ச் சிரிப்பைக் கண்டு மாமன் மாமி மனம் நொந்ததையும் சொல்லிவிட்டு, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்கிறாள். சொன்ன பிறகும் அவனோடு நிற்கிறாள். என்னைக் கேட்டால், கோவலன் நம் மனத்தில் நிற்பதற்கு அவன் வருத்தத்தைவிட இந்தப் பதில்தான் காரணம்.

1866இல் வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலிலும் இதே கண்டிப்பு உண்டு. வட்டிக்காரக் கிழவியைக் கொல்ல அதன் நாயகன் ரஸ்கோல்னிகோவிடம் ஒரு தத்துவம் இருக்கிறது. எதிர்பாராமல் உள்ளே வரும் அவள் தங்கை லிசவேத்தாவைக் கொன்றதற்கு எந்தத் தத்துவமும் இல்லை. அந்த இரண்டாவது கொலை இல்லாவிட்டால் வாசகர் அவன் வாதத்துக்கு மயங்கிவிடக்கூடும்.

இனி உன் கைப்பிரதிக்கு வருவோம். நாயகன் தவறு செய்யும் பக்கங்களையெல்லாம் சிவப்பு மையால் குறி. ஒவ்வொன்றுக்கும் அடுத்த பத்துப் பக்கங்களைப் படி. அங்கே அவனுடைய துயரமான இளமைக்காலம் வந்தால் அதை எடுத்து வேறிடத்தில் வை. குற்றத்தின் காலடியிலேயே வரும் பழங்கதை வக்கீல் வேலை பார்க்கும். உன் பிரதியில் பணம் போன மறுபக்கமே அவன் பட்டினி கிடந்த நாட்கள் வருகின்றன. வாசகர் முரண்டு பிடிப்பது அதனால்தான். அதைக் குறைந்தது மூன்று அத்தியாயங்களாவது முன்னே தள்ளு, அல்லது பின்னே.

பணத்தை இழந்த நண்பன் 4ஆம் அத்தியாயத்தோடு காணாமல் போகிறான். அவனைத் திரும்பக் கொண்டுவா. நாயகனை நேருக்கு நேர் பார்த்து அவன் பேசட்டும், அதற்கு நாயகனிடம் பதில் இல்லாமல் இருக்கட்டும். வில்லனை இன்னும் கொடியவனாக்கி நாயகனை வெள்ளையாக்கும் வேலை வேண்டாம். ஒப்பீட்டில் கிடைக்கும் நல்ல பெயர் வில்லன் நகர்ந்ததும் போய்விடும். குடி, முன்கோபம் போன்றவற்றை மட்டும் குறையாகக் காட்டுவதும் போதாது. அவற்றால் யாருக்கு என்ன கெட்டது என்று காட்டாதவரை அவை வெறும் அலங்காரம்.

கடைசியில் அவனைச் சாகடிக்கிறாய். கோவலனும் சாகிறான், ஆனால் செய்யாத திருட்டுக்காக. அந்தச் சாவு அவன் பழைய கணக்கைத் தீர்ப்பதில்லை. உன் நாயகன் சாவதோ நண்பனுக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக. அவன் உயிரோடு இருந்து, அந்தப் பணத்தைத் தவணை தவணையாகத் திருப்பித் தரட்டும். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பதை நண்பன் முடிவு செய்யட்டும். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்