ஃபார்மட் அடிக்கச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், இரவு அப்டேட் ஓடிய பிறகு காலையில் சிஸ்டம் திறக்கவில்லை, நீலத் திரையிலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தார். தாங்கள் கொடுத்த பதில் ஒரே வரி: ‘ரொம்ப யோசிக்காமல் ஃபார்மட் அடித்துவிடுங்கள், புதுசு மாதிரி ஆகிவிடும்.’ அதாவது, டிரைவில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடச் சொல்கிறீர்கள்.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பதினாறு வருடமாக இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே டி.டி.பி. கடை (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும் கடை) வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வைகாசி முகூர்த்த நேரத்தில் இதே நீலத் திரை எனக்கும் வந்தது. கையில் நாலு கல்யாணப் பத்திரிகை வேலை. பதற்றத்தில் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ‘ஃபார்மட் அடிச்சிடலாம்க்கா. சி டிரைவ் மட்டும்தான் போகும், டி-யில இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது’ என்றார். சரி என்றேன். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. கண்ணெதிரே இருக்கட்டும் என்று, நடக்கிற வேலையை எல்லாம் நான் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தேன்.

கல்யாணப் பத்திரிகைகளை ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டேன். மீட்க முடியாமல் போனது வேறு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊரின் குளம், கோயில் கொடை, கிழவிகள் பாடிய பாட்டு என்று எழுதி, இரண்டு தடவை ப்ரூஃப் பார்த்து முடித்திருந்த 212 பக்கங்கள். மதுரைக்குப் போய் டேட்டா மீட்கிற கடையில் கொடுத்தேன். உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி இல்லை, அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், ஒன்றும் கிடைக்காது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஐயாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவர் திட்டவில்லை. ‘கையெழுத்து நோட்டு இருக்கும்மா, திருத்தம்தான் போச்சு’ என்றார். அந்தத் திருத்தம் எத்தனை மாத உழைப்பு என்று அடித்தவளுக்குத் தெரியும். கடை அடைத்த பிறகு உட்கார்ந்து ஐந்து மாதம், காசு வாங்காமல், முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்தேன்.

இன்றுவரை என்னை உறுத்துவது, அந்த நீலத் திரையிலேயே வழி இருந்தது என்பதுதான். ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் அங்கேயே நீக்கிப் பார்க்கலாம். அதில் சரியாகாவிட்டால் அதே இடத்திலிருந்து, அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் திறக்கிற சேஃப் மோடுக்குப் போகலாம். உள்ளே நுழைந்துவிட்டால் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். வேறு வழியே இல்லை, விண்டோஸை மறுபடி நிறுவுகிற ரீசெட்தான் என்றாலும், ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள்கள் போனாலும் சொந்த ஃபைல்கள் நிற்கும். சில சமயம் திரை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் சாவி என்று 48 இலக்கம் கேட்கும். அதைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று ஃபார்மட் அடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சாவி பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், செல்போனிலிருந்து நுழைந்து பார்க்கலாம். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஒன்றைக்கூட எழுதவில்லை என்பதுதான் வருத்தம்.

அப்புறம், புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறீர்கள். எங்கள் கடைகளில் இன்னமும் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் பாதி வேலை நடக்கிறது. ஃபார்மட் அடித்தால் அந்த சி.டி.யைத் தேட வேண்டும், யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய ஃபான்ட்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒரு ஃபான்ட் விட்டுப்போனாலும் பழைய ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும்.

2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய அப்டேட்டில் சிலருடைய டாக்குமென்ட்ஸ் காணாமல் போனதும், மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. மக்களின் ஃபைல் என்றதும் அவர்களே நின்று யோசித்தார்கள். நாம் யோசிக்காமல் அடித்துவிடச் சொல்கிறோம்.

இது முதல் தடவையும் இல்லை. விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாறிய பலருக்கு லதா என்ற தமிழ் ஃபான்ட் காணாமல் போய், ஆவணங்களில் பக்கங்கள் இடம் மாறின. விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் போதும், அது திரும்ப வந்துவிடும் என்று நானே கண்டுபிடித்து, படத்தோடு தங்களுக்கு எழுதி அனுப்பினேன். போடவில்லை, ஒரு பதில்கூட இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11-க்குத் தேவையான டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு, ‘புதிது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினீர்கள். பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருடம் பெறுவதற்கு வழி இருந்ததே, அதைச் சொல்லியிருக்கலாமே? முப்பதாயிரம் நாற்பதாயிரம் புரட்டுவது எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பகுதியில் ஒரு வரி போடுங்கள்: எதைச் செய்வதற்கு முன்னாலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளியே எடுத்து வையுங்கள் என்று.

கேள்வி கேட்ட அந்த வாசகரின் எண் தங்கள் அலுவலகத்தில் இருக்கும். அவர் இன்னும் ஃபார்மட் அடிக்காமல் இருந்தால், தயவுசெய்து யாராவது ஒருவர் இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி ஒருவர்,
அம்பாசமுத்திரம்.