சாவியோடு ஒரு சீட்டும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். 31 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களும், அவர்கள் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். பூச்சி மருந்தைப் பெயர் ஒட்டாமல் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரர்கள் கண்ணிலும் படட்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாடிக்கு இரண்டு வீடு. எதிர் வீட்டில் இருப்பவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கத்திரி தொடங்குவதற்கு முதல் நாள் அவர்கள் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு 20 நாள் போனார்கள். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தாள். வருடா வருடம் நடப்பதுதான். நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் செடியை அவள் பார்த்துக்கொள்வாள்.

அவள் பால்கனி மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராகச் செடி மேல் விழும். 17 தொட்டி. கறிவேப்பிலை, துளசி இரண்டு, அடுக்கு மல்லி, ஒற்றைச் செம்பருத்தி, கற்பூரவல்லி, கிரில் கம்பியில் சுற்றிக்கொண்டு போகும் ஒரு வெற்றிலைக் கொடி, பன்னீர் ரோசா, மற்றதெல்லாம் பூச்செடி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினாள். "அக்கா, மல்லிக்கு மட்டும் ரெண்டு வேளையும் ஊத்துங்க. ரோசாவுக்கு விரலை விட்டுப் பாத்துட்டு, காஞ்சிருந்தா ஊத்துங்க. வெத்தலைக்கு வெயில் ஆகாது, அந்தப் பழைய வேட்டியை இழுத்துக் கட்டிடுங்க. கறிவேப்பிலை நல்லா தழைஞ்சிருக்கு, முத்திப் போறதுக்குள்ள நீங்க பறிச்சுக்குங்க" என்றாள். தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு என் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு வயது. லீவுக்கு வந்திருக்கிறான். அவனுக்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் மக்கு இருக்கிறது, அதில் அவன் துளசிக்கு ஊற்றுவான். எங்கள் வீட்டில் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இரண்டு இலை கிள்ளி வாயில் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் பழகிவிட்டது. அன்றைக்கு அங்கேயும் கிள்ளி மென்றான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. துளசிதானே.

ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தான். இட்லி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மறுபடியும் எடுத்தான். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் டார்ச் அடித்து அவன் கண்மணியைப் பார்த்தார். சில வகைப் பூச்சி மருந்து உள்ளே போனால் கண்மணி சுருங்குமாம், எச்சில் ஒழுகுமாம், வேர்த்துக் கொட்டுமாம். "வீட்டில் என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டார். எதுவும் அடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் கரப்பானுக்குக்கூட மருந்து வைப்பதில்லை. அப்போதுதான் துளசி ஞாபகம் வந்தது.

போன் போட்டேன். தங்கச்சியின் வீட்டுக்காரர் எடுத்தார். "ஆமாங்க அக்கா, கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி செம்பருத்தியில மாவுப்பூச்சி இருந்துச்சு. பரவிடக் கூடாதேன்னு எல்லாச் செடிக்கும் அடிச்சேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்..." என்றார். மருந்தின் பெயர் என்ன என்றேன். தெரியவில்லை. கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்களாம். என் மகன் அந்தக் கடைக்கே ஓடினான். "செடிக்கு அடிக்கிற மருந்துதான்" என்பதற்கு மேல் அங்கேயும் பதில் இல்லை. விற்ற டப்பா காலியாகி, பழைய சாமானோடு போய்விட்டதாம்.

பேரனை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். உள்ளே போனது கொஞ்சம்தான், விடிந்ததும் பசிக்கிறது என்றான். கடவுள் புண்ணியம். டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "பெயர் தெரிஞ்சிருந்தா என்ன குடுக்கணும்னு எங்களுக்கு உடனே தெரியும். தெரியாததால காத்திருந்து பார்க்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

மறுநாள் நான் மட்டும் அந்த பால்கனிக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். துளசி இலையில், நரம்போரமாக, கஞ்சித் தண்ணீர் தெறித்துக் காய்ந்த மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு. கறிவேப்பிலையிலும் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் இரண்டு ஆர்க்கு பறித்துத் தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்தேன். கழுவித்தான் போட்டேன், ஆனாலும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. தொட்டிகளைச் சுற்றி எறும்பு வராமல் இருக்க வெள்ளைப் பொடி தூவியிருந்தது. மூலையில், துடைப்பத்துக்குப் பின்னால் அந்தப் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டிருந்தது. உள்ளே கால்வாசிக்குப் பால் மாதிரி ஒரு திரவம். கத்திரி வெயிலில் தாகத்தோடு வருகிற எந்தப் பிள்ளையும் அதைத் திறக்கும். அதை வெறுங்கையால் எடுக்கவும் பயமாக இருந்தது. பழைய துணியைச் சுற்றி எடுத்து, பூட்டுகிற அலமாரியில் வைத்தேன். கொட்டவில்லை. சாக்கடையில் கொட்டினால் எங்கே போகும்?

எதிர் வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று சாயங்காலமே தங்கச்சி போனில் அழுதாள். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் அந்த மனுஷன் அடித்தார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சத்துணவுக் கூடத்தில் எங்களுக்கு இது பாலபாடம். அரிசி மூட்டை இருக்கும் அறையில் எந்த மருந்தையும் கொண்டுவர விட மாட்டேன். வண்டு வராமல் இருக்க வேப்பிலையும் வசம்பும் போட்டு வைப்போம், வெயிலில் காய வைத்துப் புடைப்போம். எலி வந்தால் பொறிதான், பாஷாணம் கிடையாது. பல்லி விழாமல் இருக்க சாம்பார் அண்டாவை மூடாமல் ஒரு நிமிடம் நகர மாட்டாள் எங்கள் ஆயா. பரிமாறுவதற்கு முன்னால் நாங்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். 31 வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டவள், என் பேரனை மருந்து அடித்த செடிக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பூச்சி மருந்து விற்க லைசென்ஸ் வேண்டும். 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. கம்பெனி டப்பாவில் லேபிள் இருக்கும். அதில் ஒரு முக்கோணம் இருக்கும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறத்தில் ஒன்று. சிவப்புதான் கொடிய விஷம், பச்சை இருப்பதிலேயே குறைவு. விஷ முறிவுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதும் டப்பாவோடு அச்சடித்து வரும். டாக்டர் கேட்டதும் அதைத்தான். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும்போது மருந்து மட்டும் வீட்டுக்கு வருகிறது, அந்தக் காகிதம் கடையிலேயே நின்றுவிடுகிறது. 50 ரூபாய்க்குக் கொடுங்கள் என்று கேட்பது நாம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவர் கால் லிட்டர் டப்பா வாங்கி என்ன செய்வார்? வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பலாம். வேளாண் துறை அதிகாரிகள் ஊருக்குள் இருக்கும் கடைகளையும் ஒரு நடை பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் செத்துப்போனதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்து மருந்து வைத்தால் எங்கே வைத்தார்கள், எத்தனை நாள் உள்ளே போகக் கூடாது என்று அவர்களையே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மாவுப்பூச்சிக்கு வருகிறேன். கோடையில் செம்பருத்தி வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. மொட்டுக் காம்பிலும் இலை அடியிலும் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அனேகமாக மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அது விடுகிற இனிப்புப் பிசினுக்காகத்தான் எறும்பு வருகிறது, அதற்குக் காவலும் இருக்கிறது. அப்புறம் அதே எறும்பு ஜன்னல் வழியாகச் சமையலறைச் சர்க்கரை டப்பாவுக்கு வழி கண்டுபிடிக்கும். ஆகவே எறும்புக்குப் பொடி தூவுவதைவிட மாவுப்பூச்சியைத் துடைப்பதுதான் வழி. நான் செய்வது இது. ரொம்பப் பிடித்திருக்கும் நுனியை வெட்டி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுவேன். மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி அடிப்பேன். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். வேப்பெண்ணெய் அடித்தாலும் நான் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன், அந்த இலையைச் சமையலுக்குப் பறிப்பதில்லை.

கடுமையான மருந்து அடித்தால் மாவுப்பூச்சியைத் தின்கிற பூச்சியும் செத்துவிடும். இதை நான் என் தம்பியிடம் தெரிந்துகொண்டேன். அவனுக்கு ஈரோடு பக்கம் பட்டுப்புழுவுக்காகப் போட்ட மல்பெரித் தோட்டம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பிறகு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. தம்பி அடிக்காத மருந்து இல்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை முடித்தது. வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தம்பியிடம் சொன்னது ஒன்றுதான், குளவி விட்ட பிறகு மருந்து அடிக்காதே. இவ்வளவு பெரிய தொல்லையே அப்படித் தீர்ந்திருக்கிறது. பால்கனிச் செம்பருத்திக்கு எதற்கு இந்தப் பாட்டில்?

சாவி வாங்கி வைத்திருப்பவர்கள் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் கவனியுங்கள். தண்ணீர் ஊற்றினால் அதில் தேங்கும். டெங்கு கொசுவுக்கு அந்த அளவு போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பூட்டியிருக்கும் வீட்டில் குளியலறை வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.

எதிர் வீட்டுத் துளசி இரண்டையும் நான் பிடுங்கிப் போடவில்லை. அவள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். வந்ததும் இருவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சாவியோடு இனிமேல் ஒரு சீட்டும் கொடுக்க வேண்டும். அதில் மூன்று விஷயம். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர். கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில், எந்தச் செடிக்கு அடித்தது. எலி, கரப்பான், எறும்பு என்று வீட்டுக்குள் எங்கெங்கே என்ன வைத்திருக்கிறது. மருந்து டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். எதுவும் அடிக்கவில்லை என்றால் அதையும் "மருந்து இல்லை" என்று எழுத வேண்டும், வெறுமனே விடக் கூடாது. சத்துணவுப் பதிவேட்டில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம், ஒரு பொருள் வரவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் "இல்லை" என்று போடுவோம்.

யாராவது தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள், டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

விடுமுறை முடிவதற்குள் இந்தக் கடிதம் வந்தால் ஊருக்குக் கிளம்புகிற நாலு வீட்டுக்காவது உபயோகமாக இருக்கும். அடுத்த வாரம் நாங்கள் குலதெய்வம் கோயிலுக்கும், அப்படியே தம்பி வீட்டுக்கும் ஐந்து நாள் போகிறோம். சாவி எதிர் வீட்டில்தான். சீட்டை எழுதி முடித்துவிட்டேன். மருந்து இல்லை என்று எழுதி, அடியில் தேதி போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
உறையூர், திருச்சி.